உத்தி பிரித்தல்: சிறுகுழு மோதலில் மாறும் கூட்டாளிகள்

உத்தி பிரித்தல் என்பது களத்தில் கூடியவர்களை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாக இரண்டு அணியாகப் பிரிக்கும் தமிழ்நாட்டு வழக்கம். இரண்டு பேர் தலைவர்களாக நிற்பார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய சம பலமுள்ள இருவர் இருவராகச் சேர்ந்து ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி திரும்புவார்கள். சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரு தலைவர் சூரியனைக் கேட்டால் சந்திரன் எதிர்ப்பக்கம். ஜோடி சேரும்போதே பலம் சமமாகிவிடும். எவர் எந்தப் பக்கம் என்பதை மட்டும் அதிர்ஷ்டம் தீர்மானிக்கும். தலைவருக்குக் கண்சாடை காட்டுகிறவர்களும் உண்டு. அது தனிக் கலை.

இந்த வழக்கத்தைப் பொருத்திப் பார்க்கக்கூடிய விளையாட்டு ஒன்று கடல்கடந்து வளர்ந்திருக்கிறது. ஐரோப்பிய இடைக்கால இரும்புக் கவசம் அணிந்து, மழுங்கிய வாளும் கோடரியுமாகக் கூட்டத்தோடு கூட்டம் மோதும் இதற்குப் புஹுர்ட் என்று பெயர். நாடுகள் மோதும் பெரிய போட்டி 2010-இல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் தொடங்கியது. அதிகம் நடப்பது ஐவருக்கு ஐவர் மோதல். இரண்டு பாதங்களைத் தவிர உடலில் வேறெதுவும் தரையைத் தொட்டால் அந்த ஆள் அவுட். குத்துவதற்கு அனுமதியில்லை. ஓர் அணியில் எல்லோரும் விழுந்ததும் அந்தச் சுற்று முடியும். மூன்றில் இரண்டு சுற்றை எடுத்த அணிக்கு வெற்றி. சடுகுடு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கபடியின் பழைய வகைகளுள் ஒன்றான காமினியிலும் அவுட்டானவர் உயிர்பெற்று உள்ளே வர முடியாது. அணி மொத்தமும் விழும்வரை வெளியேதான்.

சிறுகுழு மோதல் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல; அதன் நினைவு திருவண்ணாமலை வட்டாரத்தில் கல்லிலேயே இருக்கிறது. செங்கத்தைச் சுற்றிக் கிடைத்த நடுகற்களின் கல்வெட்டுகளை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என நூலாக்கியது. தொறு என்னும் மாட்டு மந்தையைக் கவரவும் மீட்கவும் நடந்த பூசல்களில் விழுந்தவர்களே அக்கற்களில் பெரும்பாலும் நிற்கிறார்கள். எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் வீரன் கருந்தேவக்கத்தியோடு கோவிவன் என்ற அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளர் இருவரைக் கடித்ததாம். கூட்டாளியை மாற்றிக்கொள்ளும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

விளையாட்டில் மாற்றியே ஆக வேண்டிய நிலை வரும். ஓர் ஊரில் எட்டுப் பேர்தான் மோதக் கற்றவர்கள், அவர்களில் இருவர் மட்டும் வலுவானவர்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த இருவரும் ஒரே பக்கம் நின்றால் நிலையான இரு அணிகளின் முடிவு முதல் மோதலிலேயே தெரிந்துவிடும். சிலம்பத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாக இடம்பெற்ற அந்தக் கலையில், கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் மோதல் ஒருவருக்கு ஒருவர்தான். குழு மோதலிலும் அதுபோல் தனிநபர் வரிசை வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் தோள் சேர வேண்டும், எல்லோரையும் எதிர்க்கவும் வேண்டும். உத்தி இங்கே கைவிடுகிறது. சம பலமுள்ள இருவர் எப்போதும் ஜோடியாக வந்து பிரிவதால், அவர்கள் ஒரே அணியில் நிற்கவே முடியாது.

கணக்கு கைகொடுக்கிறது. எட்டுப் பேரை நால்வர் நால்வராக 35 வழிகளில் பிரிக்கலாம். கவசத்தோடு அத்தனை மோதலை யாரும் தாங்க மாட்டார்கள், ஏழே போதும். ஆட்களுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்து, ஒரு பக்கத்தில் முறையே 1234, 1256, 1278, 1357, 1368, 1458, 1467 நிற்க, மீதி நால்வர் எதிரே நின்றால், எந்த இருவரை எடுத்தாலும் அவர்கள் மூன்று முறை கூட்டாளிகள், நான்கு முறை எதிரிகள். இத்தகைய சமநிலைப் பகுப்புகளை அமைக்கும் வழிகளை 1939-இல் விரிவாக எழுதியவர் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்த ஆர்.சி. போஸ். இத்தகைய பகுப்புகளை ஆராயும் துறை வளர்ந்தது வயல்களில் விதையையும் உரத்தையும் ஒப்பிடும் சோதனைகளுக்காக. வாள்வீச்சு அங்கே யார் கனவிலும் இல்லை.

புள்ளி போடுவது எளிது: அணி வென்றால் அதிலுள்ள ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்று. கடைசிவரை நின்றவருக்குக் கூடுதல் புள்ளி தரலாம் என்று தோன்றும். தந்தால், முன்னே போய் இடிபட வேண்டியவர் பின்னே ஒதுங்கி நிற்பார், குழு மோதல் குலைந்துவிடும். கவசத்துக்குள் முகம் தெரியாததால், ஒவ்வொரு மோதலுக்கும் முன் கையில் நிறத்துணி மாற்றிக் கட்டுவது கட்டாயம். இல்லாவிட்டால் போன மோதலின் கூட்டாளியென்று நம்பி எதிரிக்கு முதுகு காட்ட நேரும். 25 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைச் சுமந்து திருவண்ணாமலையின் சித்திரை வெயிலில் மோதுவது நடக்காத காரியம். மாலையில் தொடங்கி, மோதலுக்கு மோதல் தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்க நேரம் விட வேண்டும்.

ஒன்பதாவது ஆள் வந்து நின்றால் அமைப்பாளர் கலங்க வேண்டியதில்லை. தெரு விளையாட்டில் மிஞ்சுகிறவரை ஒப்புக்குச் சப்பாணி ஆக்குவார்கள்; எந்தப் பக்கத்திலும் கணக்கில்லாமல் ஆடுவார். இங்கே அந்தப் பதவி சுழலும். ஒன்பது மோதல், ஒவ்வொன்றிலும் ஒருவர் வெளியே: இதற்கும் அதே மூன்று, நான்கு சமநிலையோடு அட்டவணை உண்டு. எட்டுப் பேர் இருந்தால் யாருக்கும் ஓய்வில்லை. ஒன்பது பேர் என்றால் ஒவ்வொருவரும் ஒரு மோதலுக்குக் கவசத்தைத் தளர்த்தி, நடுவருக்குத் துணையாகக் கொடி பிடித்து, எவர் முழங்கால் முதலில் மண்ணைத் தொட்டது என்று பார்த்துச் சொல்லலாம்.