செஞ்சி மலையேறிய உண்ணியும் சைதாப்பேட்டைப் பூச்சியும்



2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது நம் செஞ்சி ஒன்றுதான். அன்று முதல் நீங்கள் போட்டுக்கொண்டே இருக்கும் படங்களை எல்லாம் பார்த்து வருகிறேன். அதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு பழைய மாணவர் ஒருவர் எழுதினார்: "ஐயா, சரிவெல்லாம் உண்ணிச்செடி மூடிக் கிடக்கிறதே. சப்பாத்திக்கள்ளியைப் பூச்சி தின்று அழித்த கதையை வகுப்பில் சொல்வீர்களே, அதுபோல இதற்கும் ஒரு பூச்சியை விட்டால் என்ன?" நல்ல கேள்வி. நான்கு வரியில் பதில் சொல்ல முடியாது. பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் தேர்வு கிடையாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல நிற்கும். ராஜாராம் உள்ளே இருந்தபோது ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் இந்த மலையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தார். அப்படிப்பட்ட மலையில் ஒரு மைனா ஒரே நாளில் உண்ணி விதையை இறக்கிவிடுகிறது. கறுத்த பழத்தைத் தின்னும், பாறை இடுக்கில் எச்சமிடும், அவ்வளவுதான். மழை வந்தால் முளைத்துவிடும்.

உண்ணிச்செடியைச் செடி என்று சொல்கிறோமே தவிர, பக்கத்தில் ஒரு மரமோ சுவரோ கிடைத்துவிட்டால் அது கொடிபோல ஏறும். பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது. தண்டில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. அவற்றைக் கிளையில் மாட்டி மாட்டி மரத்தின் உச்சிவரை போய்ப் போர்வைபோல மூடிவிடும். கீழே இருக்கிற உசிலைக்கும் வீரைக்கும் வெயில் கிடைக்காது. ஆடு மாடு தின்னாது. பசியில் தின்றால் காமாலை கண்டு தோல் வெந்து போகும். மேய்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இது நம் ஊர்ச் செடி இல்லை. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் பிறந்தது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் நிறம் நிறமாகப் பூக்க வேண்டும் என்று பலவகை ஒட்டுக் கலப்பு செய்தார்கள். 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுக்காக வந்தது. இந்தக் கலப்பு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது கள்ளிக் கதைக்கு வருகிறேன். அதற்குச் சைதாப்பேட்டை வரை போக வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் உலகின் மிகச் சிறந்த சிவப்புச் சாயம் மெக்சிகோவில் கிடைத்தது. கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்தால் வருவது அது. காக்சினீல் என்று பெயர். வியாபாரம் முழுவதும் ஸ்பெயின் கையில். ஆங்கிலேய அதிகாரிகளின் சிவப்புச் சட்டைத் துணிக்கும் அந்தச் சாயம்தான் வேண்டும், எதிரியிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். கம்பெனிக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதில் இறங்கினார். 1786 முதல் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். சைதாப்பேட்டையில், இன்றைய மறைமலை அடிகள் பாலம் இருக்கும் பக்கத்தில், கள்ளித் தோட்டம் போட்டார். பூச்சி வரும் முன்பே அதற்குத் தீவனம் தயார். பூச்சி 1795இல்தான் வந்தது. கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. ஆனால் வந்தது சாயப் பூச்சியின் காட்டுச் சொந்தக்காரன். அதன் சாயம் மட்டம். கம்பெனியின் கனவு பலிக்கவில்லை.

அந்தப் பூச்சி சாயம் தரவில்லையே தவிர, வேலிக் கள்ளியை ஆசையாகத் தின்றது. ஊர் ஊராக நட்டிருந்த ஒருவகைக் கள்ளி அதனால் வாடி விழுந்தது. இதைக் கவனித்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் வேண்டுமென்றே அதைத் தென்னிந்தியாவில் பரப்பினார்கள். 1860களில் இலங்கைக்கும் போனது. களையை அழிக்கப் பூச்சியை ஏவிய வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் எடுத்துக்காட்டாக இதைத்தான் சொல்கிறார்கள். மாணவர்களே, இது நம் மண்ணில் நடந்தது. ஆஸ்திரேலியாவில் கள்ளியை அழித்த அந்துப்பூச்சிக்கு பூனார்கா என்ற ஊரில் நினைவு மண்டபமே கட்டியிருக்கிறார்கள். சைதாப்பேட்டையில் ஒரு பலகைகூடக் கிடையாது.

ஒரு கள்ளி போனதும் இன்னொன்று பெருகியது. மஞ்சள் பூவும் சிவந்த பழமும் உள்ள நாகதாளி. என் வயதுக்காரர்களின் பாட்டி தாத்தாக்கள் அந்தப் பழத்தைத் தின்று நாக்குச் சிவந்த கதையைச் சொல்லியிருப்பார்கள். பழைய பூச்சி அதைத் தொடவில்லை. 1926இல் இலங்கை வழியாக வேறொரு காக்சினீல் பூச்சி வந்தது. சில ஆண்டுகளிலேயே தென் மாவட்டங்களில் ஏக்கர் ஏக்கராக நாகதாளி மடிந்தது. இன்றும் திண்டிவனம் பக்கத்து வேலிகளில் கள்ளிமேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் நசுக்கிப் பாருங்கள், விரல் இரத்தச் சிவப்பாகும்.

மலைக்கு இந்த முறை ஏன் அவ்வளவு பொருந்தியது? முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் பூச்சி தூசியை விடச் சற்றுப் பெரிது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். ஆள் ஏற முடியாத பாறை உச்சிக்கும் அது போய்ச் சேரும். கூலி வேண்டாம், கயிறு வேண்டாம். 1750இல் புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்த மாதிரி என்று வையுங்களேன்.

இதைப் பார்த்த பிறகு உண்ணிக்கும் அப்படி ஒன்று கிடைக்காதா என்று தேடாமல் இருப்பார்களா? தேடினார்கள். 1902இல் ஹவாய்த் தீவுக்காக கோபெல் என்பவர் மெக்சிகோ காடுகளில் உண்ணிப் பூச்சிகளைச் சேகரித்து அனுப்பினார். இங்கே ஒய். ராமச்சந்திர ராவ் என்ற பூச்சியியலாளர் இந்தியாவிலும் பர்மாவிலும் உண்ணிச்செடியில் என்னென்ன பூச்சிகள் வாழ்கின்றன என்று ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து 1920இல் வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டார். செடியை அடக்கக்கூடியது அதில் ஒன்றும் இல்லை. 1921இல் ஹவாயிலிருந்து விதையைத் துளைக்கும் ஈ வந்தது. 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்கு, இலைச் சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சி வந்தது. கோடையில் உண்ணி இலை பழுப்பாகக் கருகுவதற்கு இந்தப் பூச்சியும் ஒரு காரணம். ஆனால் ஐப்பசி மழை விழுந்ததும் வேரிலிருந்து புதுத் துளிர் விட்டுவிடும்.

கள்ளி ஏன் விழுந்தது, உண்ணி ஏன் விழவில்லை? கள்ளி பெரும்பாலும் மட்டை முறிந்து மட்டை முளைத்துப் பரவியது. எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்றுக்கு ஒத்துக்கொண்ட பூச்சி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது. உண்ணியோ தோட்டக்காரர்கள் கலந்து கலந்து உண்டாக்கிய கூட்டம். ஒரு நிறப் பூச்செடியில் பெருகும் பூச்சி இன்னொரு நிறத்தில் பட்டினி கிடக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த 1941 பூச்சியின் இனம் ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் எள்ளுச் செடியிலும் உட்கார்ந்ததை 1960களில் பதிவு செய்தார்கள். எள் விதைக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் இதை ஒருமுறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும்.

உண்மையான கொடியிலும் இதே கதைதான். மிகானியா என்று ஒரு அமெரிக்கக் கொடி. இரண்டாம் உலகப் போரில் அசாமில் விமானத் தளங்களை மறைக்க வளர்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நம் பக்கத்து வறட்சி அதற்கு ஆகாது. கேரளத்திலும் கூடலூர்ச் சரிவுகளிலும் தேயிலை மேலும் மரத்தின் மேலும் ஏறிக் கிடக்கிறது. டிரினிடாடிலிருந்து கொண்டுவந்த ஒரு துருநோய்ப் பூஞ்சையை 2005இல் அசாமிலும் 2006இல் கேரளத்திலும் விட்டார்கள். பசிபிக் தீவுகளில் நிலைத்த அந்தப் பூஞ்சை இங்கே நிலைக்கவில்லை.

இதற்கிடையில் உண்ணி நிற்காமல் பரவியது. இந்தியக் காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் அது இருப்பதாக 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது.

ஆகவே நம் மாணவருக்கு என் பதில்: பூச்சி வராது, கைதான் போக வேண்டும். மருந்தும் வேண்டாம் என்பேன். 16 லிட்டர் தெளிப்பானை முதுகில் சுமந்துகொண்டு ராஜகிரிப் படியில் ஏறிப் பாருங்கள், பிறகு பேசலாம். அடித்த மருந்து மழையில் எங்கே இறங்கும்? அடிவாரத்துச் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் கண்ணுக்குத் தெரிகின்றனவே. தீ வைப்பது அதைவிட மோசம். காய்ந்த உண்ணி விறகுபோல எரியும், மரம் சாகும், உண்ணி மட்டும் வேரிலிருந்து மறுபடி வரும்.

கையால் செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் காட்டில் செய்து காட்டியது. வேரும் தண்டும் சேரும் இடத்தில்தான் மறுபடி துளிர்க்கும் கண்கள் இருக்கின்றன. வெறும் அரிவாளால் மேலே வெட்டினால் அது கிளை கழித்த மாதிரி, இன்னும் அடர்ந்து வரும். அந்தக் கண்களுக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் மூன்று விரல் ஆழத்தில் வேரை வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண்ணைப் பெரிதாகக் கிளறாததால் சரிவில் மண் அரிப்பும் குறையும். மரத்தின்மேல் ஏறியதைத் தொரட்டி போட்டு இழுக்கக் கூடாது. கிளையும் வரும், கல்லும் வரும், கீழே நிற்பவன் தலையில்தான் விழும். அடியில் வெட்டிவிட்டு மேலே இருப்பதை அப்படியே காய விட வேண்டும். பாறை இடுக்கில் வேரை எட்ட முடியாவிட்டால், துளிர்க்கத் துளிர்க்க வெட்டி வேரைப் பட்டினி போடுவதுதான் வழி. ஒரு தடவையோடு முடியாது. விதை மண்ணில் கிடக்கும், ஆண்டுதோறும் போக வேண்டும்.

வெட்டியதை வீணாக்காத ஊர்களும் உண்டு. மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் உண்ணித் தண்டில் நாற்காலி செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிகள் அதில் ஆளுயர யானைகள் முடைந்தார்கள். அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

ஒரு எச்சரிக்கை. கண்ணில் படும் கொடியை எல்லாம் வெட்டிவிடாதீர்கள். பிரண்டை, குன்றிமணி, சிறுகுறிஞ்சான், நன்னாரி எல்லாம் இந்த மண்ணின் கொடிகள். நம் மாவட்டத்திலேயே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் மரத்தோடு மரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும் பெருங்கொடிகளைப் பாருங்கள், அடையாளம் பழகும். உண்ணியை இலையைக் கசக்கி முகர்ந்தாலே தெரியும்.

செஞ்சியில் கோட்டைப் பகுதி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, பக்கமலை வனத்துறையுடையது. இரண்டு இடத்திலும் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஒரு செடியையும் தொடக் கூடாது. சுவரில் முளைத்ததை நீங்கள் பிடுங்கவே வேண்டாம், கல் பெயர்ந்துவிடும், அது அவர்கள் வேலை. அனுமதி கிடைத்தால் காய் கறுப்பதற்கு முன்பே ஒரு நாள் குறியுங்கள். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, களைக்கொத்து, தண்ணீர் கொண்டு வாருங்கள். கயிறு கட்டி இறங்குகிற வேலையைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது, அடிவாரத்தில் மோருடன் உட்கார்ந்திருக்கிறேன்.