ஏப்ரல் 28: வேலைக்குப் போய் வீடு திரும்பாதவர்களுக்கும் ஒரு விளக்கு

எனது சித்தப்பா மேசன் வேலை செய்தவர். 2009 மே மாதம் சித்தியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முள்ளிவாய்க்காலில் இருந்து உயிரோடு வெளியே வந்தவர். மூத்த மகனை மட்டும் அவரால் கொண்டுவர முடியவில்லை. மீள்குடியேறிய பிறகு, வன்னியில் வீடுகளும் கடைகளும் மளமளவென்று எழும்பிய காலத்தில், ஒரு மாடிக் கட்டடத்தின் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். சாரம் கட்டிய கயிறு உக்கிப்போயிருந்தது என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஒப்பந்தகாரர் செத்தவீட்டுக்கு வந்தார். செலவுக்கென்று ஒரு தொகையைக் கொடுத்தார். எட்டுச்செலவு முடிந்த கையோடு ஒரு தாளில் சித்தியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். "ஷெல்லுக்குத் தப்பின மனுசன், இது அவற்ர விதி" என்றது ஊர். நானும் அப்போது அதைத்தான் நம்பினேன்.

ஒவ்வொரு மே 18 அன்றும் சித்தி மகனுக்காக விளக்கேற்றுகிறார். முன்பின் தெரியாதவர்களும் அவரோடு சேர்ந்து அழுகிறார்கள். சித்தப்பாவின் திவசம் மட்டும் வீட்டு முற்றத்தோடு முடிந்துவிடுகிறது. வேலைத்தளத்தில் இறந்தவர்களை நினைவுகூர உலகத்துக்கு ஒரு பொது நாள் இருக்கிறது என்பதை நான் மிகவும் பிந்தியே அறிந்தேன். அது ஏப்ரல் 28.

இந்த நாள் எப்படி வந்தது?

இதன் தொடக்கம் எமது உறவுகள் பெருமளவில் வாழும் கனடா. 1914 ஏப்ரல் 28 அன்று ஒன்ராறியோ சட்டமன்றத்தில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமூலம் மூன்றாம் வாசிப்பை நிறைவு செய்தது. விபத்து யாருடைய பிழை என்று நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வாதாடாமல், வேலையில் காயப்பட்டவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்த நாளை நினைவில் வைத்தே 1984 இல் கனடியத் தொழிற்சங்கங்கள் ஏப்ரல் 28 ஐத் துக்கநாளாக அறிவித்தன. 1991 இல் கனடிய நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. அன்றைய தினம் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் 1989 இல் இதனைக் கடைப்பிடிக்கத் தொடங்கின. 2003 இல் சர்வதேச தொழில் அமைப்பு அதே நாளைத் தொழிற் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான உலக நாளாக ஏற்றுக்கொண்டது. இறந்தவர்களை நினைவில் கொள்வது, இருப்பவர்களுக்காகப் போராடுவது ஆகிய இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதே இந்நாளின் முழக்கம்.

வேலை சார்ந்த விபத்துகளாலும் நோய்களாலும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இறப்பதாக அந்த அமைப்பு மதிப்பிடுகிறது. அவர்களில் சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் விபத்துகளில் இறப்பவர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேசத்தின் சாவார் நகரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்தபோது 1,100 இற்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் மாண்டனர். முதல் நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டிருந்தன. இருந்தும் மறுநாள் காலை அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள்.

எமக்குப் புதிதல்ல

வேலையில் கொல்லப்பட்டவர்களை நினைவுகூருவது எமக்கு அந்நியமான வழக்கம் அல்ல. 1987 ஒக்டோபர் 21 அன்று இந்திய அமைதிப்படையினர் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்து சுட்டபோது நோயாளர்களோடு வைத்தியர்கள், தாதியர்கள், ஊழியர்கள் 21 பேரும் கொல்லப்பட்டனர். அவர்களது படங்களுக்கு முன்னால் வைத்தியசாலைச் சமூகம் ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறது. 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் தொழிலில் இருந்த கடற்றொழிலாளர்கள் 31 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். 2006 ஓகஸ்ட் 4 அன்று மூதூரில் பட்டினிக்கு எதிரான அமைப்பின் பணியாளர்கள் 17 பேர் அவர்களது அலுவலக வளாகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. மலையகத்தில் 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் சூட்டில் இறந்த கோவிந்தனின் பெயர் தொழிற்சங்க வரலாற்றில் நிலைத்திருக்கிறது.

இவர்கள் எல்லோரும் வேலைக்குப் போனவர்கள். துப்பாக்கியால் செத்தவர்களை நாம் மறக்கவில்லை. உக்கிப்போன கயிற்றால் செத்தவர்களைத்தான் மறந்துவிடுகிறோம்.

விதி என்று சொல்வதற்கு முன்

எமது ஊர்களில் நடக்கும் இறப்புகளை எண்ணிப் பாருங்கள். பனையில் இருந்து விழும் சீவல் தொழிலாளி. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, அதன் புகையில் மயங்குபவர். மலசலகூடக் குழிக்குள் இறங்கி நச்சுவாயுவில் சரிபவரும், அவரைத் தூக்கப்போய்த் தானும் சரியும் இரண்டாமவரும். தேயிலை மலையில் குளவி கொட்டி இறக்கும் தாய். முகமாலை போன்ற இடங்களில் முழந்தாளிட்டுக் கண்ணிவெடி தேடும் பெண்களில் பலர் தனியே குடும்பத்தைத் தாங்குபவர்கள்.

இந்த இறப்புகளில் பல தடுக்கக்கூடியவை. இயந்திரத்தைக் கிணற்றுக்கு வெளியே வைத்தால் புகை உள்ளே தேங்காது. குழிக்குள் விழுந்தவரை மீட்கப் பயிற்சியும் சுவாசக் கருவியும் உள்ளவரே இறங்க வேண்டும். சாரத்தின் கயிற்றையும் பலகையையும் காலையில் ஒருவர் பார்த்தால் போதும். போர்க்காலத்தில் சாவு எங்கிருந்தும் வரும் என்று பழகிப்போன நாம், அதே பழக்கத்தில் இந்தச் சாவுகளையும் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்கிறோம்.

சட்டம் இருக்கிறது

இலங்கையில் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934 ஆம் ஆண்டில் இருந்தே இருக்கிறது. வேலையின்போது, வேலை காரணமாக நேர்ந்த விபத்துக்குத் தொழில்தருநர் பொறுப்பு. இறந்தவரில் தங்கியிருந்தவர்கள் நட்டஈடு கோரலாம். "கவனமில்லாமல் ஏறினவர்" என்ற ஒரு சொல்லால் அந்த உரிமை இல்லாமற் போவதில்லை. மரணத்துக்கான நட்டஈடு வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிடப்பட வேண்டும். செத்தவீட்டில் நேரில் கொடுத்த பணம் அந்த நட்டஈடு ஆகாது. சித்திக்கு இதை அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த நானும் ஒருவன்.

ஆகவே இப்படி ஒரு மரணம் நேர்ந்தால், விளங்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டிலும் மரண விசாரணையிலும் அது வேலைத்தளத்தில் நேர்ந்தது என்பது பதிவாக வேண்டும். கூட வேலை செய்தவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். சம்பளம் கொடுத்ததைக் காட்டும் துண்டு, கொப்பி எதுவென்றாலும் பத்திரப்படுத்துங்கள். மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குத் தாமதியாமல் போங்கள்.

ஒரு நாள், ஒரு பெயர்ப்பலகை

ஏப்ரல் 28 ஐக் கடைப்பிடிக்கப் பெரிய மேடை தேவையில்லை. சனசமூக நிலையத்தில், கடற்றொழிலாளர் சங்கத்தில், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தில் அந்த ஊரில் வேலையில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி வாசிக்கலாம். எப்படி இறந்தார், எதைச் செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்போதுதான் அது அடுத்தவரின் உயிரைக் காக்கும்.

எங்கள் ஊர்ப் பட்டியலை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதற் பெயர் சித்தப்பாவினுடையது. இறந்த காரணம் என்ற இடத்தில் விதி என்று எழுதவில்லை, உக்கிய கயிறு என்று எழுதினேன். சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். "அவரோட வேலை செய்த பெடியள் இப்பவும் சாரத்தில ஏறுறாங்கள், அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டு" என்றார்.