வதந்தியும் வகுப்பறையும்: கண்ணூரிலிருந்து பீகார் வரை

2018 ஜூலை 1 அன்று, மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தைச் சேர்ந்த ராயின்பாடா கிராமத்தில் வாரச்சந்தை கூடியிருந்தது. இரந்து வாழும் நாடோடிச் சமூகத்தினர் ஐவர் அங்கு வந்திறங்கினர். பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற கூச்சல் எழுந்தது. ஐவரும் அடித்தே கொல்லப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரும் இதே சந்தேகத்துக்குப் பலியாகியிருந்தார்.

அந்நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய காணொளி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வர். அது கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். மூலப்படத்தில் அவர்கள் திரும்பிவந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையை உயர்த்திக் காட்டுவர். அந்த இறுதிப்பகுதியை யாரோ நீக்கிவிட்டனர். எஞ்சிய காட்சியில் ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. ஆகவே படத்தை எவ்வளவு உற்றுப்பார்த்தாலும் பொய் அகப்பட்டிராது. யார் எடுத்தது, எங்கே, எதற்காக என்று கேட்டிருந்தால் மட்டுமே அகப்பட்டிருக்கும்.

அதே ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் வரம்பிட்டது. அது வேகத்தடை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் அதற்கு முன்பே வேறு வழியில் இறங்கியிருந்தது. 2017இல் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி குறித்துப் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கி நின்றதை மாவட்ட நிர்வாகம் நேரில் கண்டது. மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலியின் முயற்சியில், 2018 ஜூனில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் பொய்ச்செய்தியை இனங்காணும் வகுப்புகள் தொடங்கின. (நம் மாநில இலச்சினையில் 'வாய்மையே வெல்லும்' என்றிருப்பதும் அதே தொடர்தான். வாய்மை தானாக வெல்லாது என்பதே வகுப்பின் அடிப்படை என்பதால், பெயரில் சற்று முரண் உண்டு.) பின்னர் அதே பெயரில் அது மாநிலத் திட்டமாக விரிந்தது, 2022இல் ஏறத்தாழ 20 இலட்சம் மாணவர் பயிற்சி பெற்றதாக அரசு அறிவித்தது. 2024இல் 5, 7ஆம் வகுப்புகளின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களிலும் இப்பொருள் இடம்பெற்றது.

இத்தகைய பயிற்சி பலன் தருமா என்பதற்கான விடை பீகாரிலிருந்து வந்தது. முதல் விடை ஏமாற்றமே. 2019 பொதுத்தேர்தலை ஒட்டி, அரசியல் அறிஞர் சுமித்ரா பத்ரிநாதன் 1,200க்கு மேற்பட்டோரிடம் வீடு தேடிச் சென்று ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயிற்சி அளிக்கும் ஆய்வை நடத்தினார். பொதுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆளும் கட்சியின் ஆதரவாளரிடம், தம் கட்சிக்குச் சாதகமான பொய்களைக் கண்டறியும் திறன் குறையவும் செய்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் அவரும் சக ஆய்வாளர்களும் பீகார் அரசின் ஜீவிகா அமைப்புடன் இணைந்து, அவ்வமைப்பின் நூலகங்களில் 13,500க்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு மீண்டும் முயன்றனர். ஒரு பிரிவினருக்குப் பல வாரங்களில் பரவிய நான்கு வகுப்புகள். ஒப்பீட்டுப் பிரிவினருக்கு ஆங்கிலப் பயிற்சி. பாடம் பெரிதும் உடல்நலம் சார்ந்த பொய்களைப் பற்றியது. நான்கு மாதம் கழித்தும் பலன் நீடித்தது. கற்பிக்கப்படாத அரசியல் செய்திகளிலும் மெய்–பொய் பிரித்தறியும் திறன் கூடியது. பெற்றோரிடமும் அதன் தாக்கம் தென்பட்டது.

கால அளவு மட்டுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணமன்று. தேர்தல் வேளையில் வீட்டு வாசலில் நின்று கேட்கப்படும் வினா, வயது வந்தவரின் காதில் கட்சிக்கெதிரான வினாவாக விழும். கட்சிப்பற்று இறுகாத வயதில், சக மாணவர் சூழ, நூலகத்தில் எழும் அதே வினா வெறும் பாடம்.

இதனைக் கணினிப் பாடத்தில் மட்டும் அடைப்பது ஏன் என்ற கேள்வி மிஞ்சுகிறது. கராச்சிக் காணொளியை விளங்கிக்கொள்ளக் கணினி அறிவு தேவைப்படவில்லை. தமிழ்த் தேர்வுத்தாளில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்றொரு வினா நெடுங்காலமாக உண்டு: இவ்வடி எந்நூலில், யார் கூற்றாக, எச்சூழலில் வருகிறது என எழுதிய பிறகே பொருள் எழுத வேண்டும். செய்யுளுக்குக் கேட்கும் அவ்வினாவைக் கைப்பேசிக்கு வரும் செய்திக்கும் கேட்க, தமிழாசிரியருக்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை.