பேர்ட் ட்ரவுட்மன்: பகைவர் நாட்டில் ஒரு கோல் காப்பாளர்

யுத்தங்கள் எவ்வாறு தொடங்கின, எவ்வாறு முடிந்தன என்பவற்றை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. ஆனால், நேற்றுவரை ஒருவரையொருவர் கொன்ற இரு நாட்டு மக்கள் மீண்டும் எவ்வாறு முகங்கொடுத்துப் பழகத் தொடங்கினர் என்பது உடன்படிக்கைகளிற் பதிவாவதில்லை. அதனை அறிய விரும்புவோர் தொழிற்சாலை, சந்தை, விளையாட்டரங்கு முதலிய அன்றாட வாழ்வின் களங்களை நோக்குதல் வேண்டும். அவ்வகையில், இரண்டாம் உலக மகா யுத்தத்தின் பின் இங்கிலாந்திலே தொழில்முறை உதைபந்தாட்ட வீரராக விளங்கிய ஜேர்மானியர் பேர்ட் ட்ரவுட்மனின் வாழ்வு ஆராயத்தக்கது. 1956 இல் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் ஆட்டத்தை முடித்தவர் என்றே அவர் பெரிதும் நினைக்கப்படுகின்றார். எனினும், அவர் வாழ்வின் வரலாற்று முக்கியத்துவம் அதற்கு ஆறேழு ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சிகளிலேயே தங்கியுள்ளது எனலாம்.

ட்ரவுட்மன் 1923 ஒக்டோபர் 22 இல் பிறேமன் துறைமுக நகரிற் பிறந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 ஆம் ஆண்டிலேயே நாசிகளின் சிறுவர் அமைப்பிற் சேர்க்கப்பட்டார். 1941 இல் விமானப் படையிற் சேர்ந்து, பின் பரசூட் படைவீரராகக் கிழக்குப் போர்முனையிற் போரிட்டு, இரும்புச் சிலுவை விருதும் பெற்றார். அங்கு காடொன்றிலே பொதுமக்கள் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தாம் கண்டதாகப் பிற்காலத்தில் அவர் கூறியுள்ளார். 1945 இல் பிரித்தானியரிடம் சிறைப்பட்டபோது, நாசிக் கொள்கையில் ஊறியவர் என்றே விசாரணையாளர் அவரை முதலில் வகைப்படுத்தினர். ஆகவே, வீணாக ஐயுறப்பட்ட ஒருவரின் கதையாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. கொடிய அரசொன்றின் கையில் வளர்ந்து, அதற்காகவே போரிட்ட ஒருவரின் கதை இது.

லங்காஷயர் மாவட்டத்தில் அஷ்ரன் என்னும் சிற்றூரின் அருகேயிருந்த கைதிகள் முகாமில் அவர் வைக்கப்பட்டார். முகாம் ஆட்டங்களில் முன்னர் வேறு நிலைகளில் ஆடிய அவர், காயமுற்ற ஒரு நாளிற் கோல் காக்க நின்றதே பின்னர் அவரது தொழிலாயிற்று. தமது உண்மையான கல்வி இங்கிலாந்திற் கைதியாக இருந்தபோதே தொடங்கிற்று என்பது அவரது கருத்தாகும். 1948 இல் நாடு திரும்பும் வாய்ப்புக் கிடைத்தும் அதனை ஏலாது, கூலி வேலை செய்துகொண்டே சென்ற் ஹெலன்ஸ் ரவுண் கழகத்துக்கு ஆடினார். 1949 ஒக்டோபரில் மான்செஸ்ரர் சிற்றிக் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது.

இதனால் நகரம் கொதித்தெழுந்தது. மான்செஸ்ரர் 1940 டிசெம்பரில் ஜேர்மன் குண்டுவீச்சினாற் பெருஞ்சேதம் அடைந்த நகரம். அத்துடன் யூத மக்கள் செறிந்து வாழ்ந்த நகரமுமாகும். எதிர்ப்பு ஊர்வலத்திற் சுமார் 20,000 பேர் பங்குபற்றினர் என்பர். இவ்வேளையில் இருவரின் செயல்கள் குறிப்பிடற்பாலன. நோர்மண்டிப் போர்முனையிற் போரிட்டுத் திரும்பியவரான எரிக் வெஸ்ற்வூட் என்னும் கழக வீரர், தமது அணியின் உடைமாற்றும் அறையில் யுத்தம் இல்லை எனக் கூறி அவரை வரவேற்றார். மற்றவர் மான்செஸ்ரர் யூத சமூகத்தின் மதகுருவான அலெக்சாண்டர் அல்ட்மன். 1938 வரை பேர்லினிற் பணியாற்றிய அவர், தம் பெற்றோரை நாசிகளின் கொலைக்குப் பலிகொடுத்தவர். ஓர் இனத்தார் இழைத்த கொடுமைக்காகத் தனிமனிதர் ஒருவரைத் தண்டித்தல் முறையன்று என்றும், ஒவ்வொருவரும் அவரவர் தகுதி கொண்டே மதிக்கப்பட வேண்டும் என்றும் பகிரங்கக் கடிதமொன்றில் அவர் எழுதினார். கொடுமையை மறக்குமாறு அவர் கேட்கவில்லை, மன்னிக்குமாறும் கேட்கவில்லை. பொறுப்பை உரியவரிடமே சுமத்துமாறுதான் கேட்டார்.

இவ்வாறு கிடைத்த வாய்ப்பை ட்ரவுட்மன் தமது திறமையினால் நிலைநாட்டினார். 1950 ஜனவரியில், ஜேர்மன் குண்டுகளின் வடு ஆறாத லண்டனில், புல்ஹாம் கழகத்துக்கு எதிராக ஆடியபோது அரங்கிலிருந்து வசைமொழிகள் எழுந்தன. சிற்றி 1–0 எனத் தோற்றது. ஆயினும், பல கோல்களைத் தடுத்த அவர் களத்தை விட்டு நீங்குகையில் அதே மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். பந்தைத் தடுப்பதோடு அவரது பணி முடியவில்லை. அக்காலக் கோல் காப்பாளர் பலர் பந்தை இயன்ற தூரம் உதைத்துவிடுவதே வழக்கம். இளமையிற் கைப்பந்து ஆடிப் பழகிய ட்ரவுட்மனோ, அதனைத் தம் அணியினரை நோக்கிக் குறிதவறாது எறிந்து தாக்குதலைத் தொடக்கிவைத்தார். ஹங்கேரிய அணியின் முறையைத் தழுவி டொன் ரெவியை மையமாகக் கொண்டு சிற்றி வகுத்த ஆட்டமுறைக்கு இவ்வெறிதல் பெரிதும் துணைநின்றது.

1956 இல் பத்திரிகை எழுத்தாளர் சங்கத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அதனைப் பெற்ற முதலாவது கோல் காப்பாளர் அவரே. அவ்வாண்டு மே 5 ஆம் திகதி வெம்பிளி அரங்கிலே பேர்மிங்ஹாம் சிற்றிக்கு எதிராக நடந்த எவ்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில், முடிவுக்குப் பதினேழு நிமிடங்கள் இருக்கையில், எதிரணி வீரர் பீற்றர் மேர்பியுடன் மோதுண்டு வீழ்ந்தார். மாற்று வீரரை இறக்க அக்கால விதிகள் இடந்தரவில்லை. தொடர்ந்து ஆடினார், சிற்றி 3–1 என வென்றது. கழுத்தெலும்பு முறிந்திருந்தமை சில நாட்களின் பின்னரே எக்ஸ்றேப் படத்தினால் தெரியவந்தது. சில வாரங்களில் அவரது இளம் மகன் வீதி விபத்தில் இறந்தமை இவ்வெற்றியின்மீது பெருந்துயராய்ப் படிந்தது.

1964 வரை சிற்றிக்காக 545 ஆட்டங்களில் ஆடியபோதும் தாய்நாட்டுக்காக அவர் ஒருமுறையேனும் ஆடவில்லை. உள்நாட்டுக் கழகங்களில் ஆடுவோரையே பயிற்றுநர் செப் ஹேர்பேர்கர் தெரிந்தமையால், மேற்கு ஜேர்மனி 1954 இல் உலகக் கிண்ணத்தை வென்ற அணியிலும் அவருக்கு இடமிருக்கவில்லை. 1972 இலிருந்து பர்மா, தன்சானியா, லைபீரியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளிற் பயிற்றுநராகப் பணியாற்றினார். இரு நாட்டு நல்லுறவுக்கு ஆற்றிய பணிக்காக 2004 இல் பிரித்தானிய அரசின் விருது பெற்ற அவர், 2013 ஜூலை 19 இல் ஸ்பெயினிற் காலமானார்.

முறிந்த கழுத்தின் கதை எளிதில் மனத்தைக் கவர்வது. ஆனால், பகைவன் தன் உடலை வருத்திக் காட்டிய பின்னரே மன்னிப்புப் பெற்றான் என்ற தவறான முடிவுக்கும் அது இட்டுச் செல்லக்கூடும். நிகழ்ச்சிகளின் ஒழுங்கு வேறானது. அல்ட்மனின் கடிதமும், வெஸ்ற்வூட்டின் வரவேற்பும், புல்ஹாம் அரங்கின் கைதட்டலும் வெம்பிளிக்கு ஆறேழு ஆண்டுகள் முந்தியவை. பேரிழப்புக்கு உள்ளானோரே நீதியின் அளவுகோலை முதலில் நேராக்கினர். வீரரின் புகழ் அதன் பின்னரே வளர்ந்தது. இவ்வொழுங்கே அவ்வாழ்விலிருந்து வரலாற்று மாணவர் கொள்ளத்தக்க பாடமாகும்.