மிதுன ராசிக்காரருக்கு ஆஸ்பிரின் வேலை செய்யாதா?

1/
மாரடைப்பு வந்தவருக்கு முதலில் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று ஆஸ்பிரின். பலருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் மிதுன ராசி, துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரினால் பலனே இல்லை என்கிற கணக்கு 1988ல் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் அச்சாகியிருக்கு. அதுவும் 17,187 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில்!

ஆஸ்பிரின் சாப்பிடுற மிதுன ராசி அன்பர்கள் யாரும் பதறி மாத்திரையை நிறுத்திடாதீங்க. கடைசி வரை படிங்க. இது ராசிகளும் மருத்துவமும் இரண்டாயிரம் வருஷம் சேர்ந்து வாழ்ந்து, பிறகு பிரிந்த கதை.

2/
ராசிகளின் சொந்த ஊர் பாபிலோன். இன்றைய இராக். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்த வான் கணக்கர்கள் சூரியன் போகும் பாதையை 30 டிகிரி வீதம் 12 சம பாகங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கே இருந்த நட்சத்திரக் கூட்டத்தின் பெயரை வைத்தார்கள். காளை, சிங்கம், தேள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

மகரத்தைப் பாருங்க. பாபிலோனில் அது முன்பக்கம் ஆடு, பின்பக்கம் மீன். நிலத்தடி நன்னீருக்கு அதிபதியான ஏயா என்ற தெய்வத்தின் அடையாளம் அது. அங்கே கிடைத்த பழைய கல்வெட்டுக் கற்களில் இன்றும் பார்க்கலாம். அதே ராசி இந்தியா வந்ததும் ஆட்டை விட்டுவிட்டு, நம் கோயில் மகர தோரணத்தில் வாயைப் பிளந்து நிற்கிற நீர்வாழ் விலங்கின் பெயரை எடுத்துக்கொண்டது.

3/
சில சின்னங்களுக்கு இயற்கையிலேயே பொருத்தம் உண்டு. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் தொடங்குவது துலாம், அதாவது தராசு. கோடையில் வடக்கே போன சூரியன் திரும்பத் தொடங்கும் இடம் கடகம். நண்டு நேராக நடக்காதே, அதனால்தான் சூரியன் திரும்பும் இடத்துக்கு நண்டு என்று விளக்கம் எழுதினார் 5ஆம் நூற்றாண்டு ரோமானியர் மக்ரோபியஸ்.

கிரேக்கர்கள் இதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார்கள். ஹெர்குலிஸ் பல தலைப் பாம்போடு சண்டை போடும்போது ஒரு நண்டு வந்து அவர் காலைக் கடித்ததாம். அவர் மிதித்துக் கொன்றுவிட்டார். அந்த நண்டை அனுப்பிய ஹீரா தேவி அதை வானத்தில் வைத்துவிட்டாள்.

4/
கிரேக்கர் வழியாகத்தான் பன்னிரண்டு ராசிகள் இந்தியாவுக்கு வந்தன. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் ஜாதகத்தில் ராசிகளுக்கு கிரியா, தாவுரி, லேயா என்ற பெயர்களும் இருக்கு. இவை கிரேக்கத்தின் கிரியோஸ், டாரோஸ், லியோன் என்ற சொற்கள்தான்.

டாக்டராக எனக்கு ரொம்பப் பிடித்தது கும்பத்தின் பெயர். கிரேக்கத்தில் ஹைட்ரோகூஸ், தண்ணீர் ஊற்றுபவன். அது சமஸ்கிருத வாயில் புகுந்து 'ஹ்ருத்ரோக' ஆகிவிட்டது. சமஸ்கிருதத்தில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? இதய நோய்!

5/
இனிதான் மருத்துவம் வருது. வானத்தில் 12 பாகம் இருந்தால் உடம்பிலும் 12 பாகம் இருக்கணும் என்று நினைத்தார்கள். தலையில் தொடங்கிப் பாதத்தில் முடிகிற பட்டியல் அது. ஐரோப்பாவில் பரவிய பட்டியலில் மேஷம் தலை, ரிஷபம் கழுத்து, மிதுனம் தோளும் கையும் (இரட்டையர், இரண்டு கை!), கடகம் மார்பு, சிம்மம் இதயம், கன்னி வயிறு, துலாம் இடுப்பும் சிறுநீரகமும், விருச்சிகம் பிறப்புறுப்பு, தனுசு தொடை, மகரம் முழங்கால், கும்பம் கணுக்கால், மீனம் பாதம்.

நம் ஊர் ஜோதிடத்தில் இதற்குப் பெயர் காலபுருஷன். வராகமிகிரரின் பட்டியலும் தலையில் தொடங்கிப் பாதத்தில்தான் முடியுது. ஆனால் நடுவில் ஒரு படி தள்ளியிருக்கு. அவருக்கு இதயம் கடகம், சிம்மம் வயிறு. ஐரோப்பாவின் இதயம் சிங்கம், நம்முடைய இதயம் நண்டு. மனிதனுக்கு இருப்பது என்னவோ ஒரே இதயம்தான்.

6/
இந்த ராசி மனிதனின் மிக அழகான ஓவியம் பிரான்சில் இருக்கு. பெர்ரி பிரபுவுக்காக லிம்பர்க் சகோதரர்கள் மூன்று பேர் 1411 வாக்கில் வரையத் தொடங்கிய பிரார்த்தனைப் புத்தகம் அது. முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு உருவங்கள், உடம்பெங்கும் ராசிகள், காலடியில் மீன்கள், சுற்றிலும் நீலமும் தங்கமும். ஷாந்தியி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிற இந்தப் புத்தகத்தின் படங்களை இணையத்திலும் பார்க்கலாம். கண்டிப்பாகப் பாருங்க.

7/
ஆனால் அந்தக் காலத்தில் இது சும்மா ரசிக்கிற படம் இல்லை. வேலைக்கான அட்டவணை.

விதி இதுதான்: நிலா எந்த ராசியில் இருக்கோ, அந்த ராசிக்குரிய உறுப்பில் கத்தி வைக்கக் கூடாது. கடல் நீரை ஏற்றி இறக்குகிற நிலா, உடம்பின் ஈரத்தையும் அந்த உறுப்புக்கு இழுக்கும் என்பது அவர்கள் கணக்கு. இங்கிலாந்தின் யார்க் நகரில் நாவிதர்-அறுவை வைத்தியர் சங்கம் 1486ல் எழுதி வைத்த புத்தகத்தில் ராசி மனிதன் படமும், நிலா இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சுழலும் வட்டமும் இருக்கு. சில வைத்தியர்கள் மடித்த பஞ்சாங்கத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போனார்கள்.

8/
நிலா ஒரு ராசியில் இருப்பது சுமார் இரண்டேகால் நாள். உங்களுக்குத் தொடையில் சீழ்க்கட்டி, நிலா தனுசில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீறி சீழை வெளியே எடுக்கணும். விதியோ பொறுத்திரு என்கிறது. அந்த இரண்டு நாளில் கிருமி ரத்தத்தில் கலந்தால் ஆள் காலி.

கத்தி வைத்த பிறகு நோயாளி பிழைத்தால் நேரம் பார்த்ததால் பிழைத்தார். இறந்தால் நேரம் சரியில்லை. எப்படிப் பார்த்தாலும் விதி தோற்காது. பல நூற்றாண்டுகள் அது நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

9/
படித்த டாக்டர்களும் இதற்கு விலக்கு இல்லை. 1348ல் ஐரோப்பாவைப் பிளேக் சூறையாடியபோது பிரான்ஸ் மன்னர் காரணம் கேட்டார். பாரிஸ் மருத்துவ ஆசிரியர்கள் சொன்ன பதில்: 1345 மார்ச்சில் சனி, குரு, செவ்வாய் மூன்றும் கும்ப ராசியில் சேர்ந்ததால் காற்று கெட்டது.

இன்றும் நம் வாயில் அந்தக் காலத்து எச்சம் ஒன்று இருக்கு. இன்ஃப்ளூயன்சா என்கிறோமே, அது நட்சத்திரங்களின் 'தாக்கம்' என்ற பொருளில் இத்தாலிய மொழியில் பிறந்த சொல்.

10/
பிறகு எப்படி மாறியது? எண்ணத் தொடங்கினார்கள். ரத்தம் எடுப்பதுதான் அன்றைக்கு எல்லா நோய்க்கும் வைத்தியம். பாரிஸ் டாக்டர் பியர் லூயி 77 நிமோனியா நோயாளிகளை எடுத்து, யாருக்கு எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று கணக்குப் போட்டு 1835ல் புத்தகம் போட்டார். எல்லாரும் நம்பிய அளவுக்கு அதில் பலன் இல்லை என்று எண்கள் காட்டின. வெறும் 77 பேர்தான். ஆனால் "என் அனுபவத்தில்" என்று டாக்டர்கள் பேசுவதை "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்ற கேள்வி மடக்கத் தொடங்கியது.

11/
இப்போ ஆஸ்பிரினுக்கு வருவோம். 1988 ஆய்வின் முடிவு தெளிவானது. ஐந்து வாரத்தில் ரத்தக்குழாய் சார்ந்த மரணம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9.4%, எடுக்காதவர்களில் 11.8%. பெரிய வெற்றி.

ஆனால் இதழாசிரியர்கள் வயது, பாலினம் என்று பிரித்துப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். சின்னச் சின்னதாக வெட்டினால் தற்செயலாக எதுவும் வரும் என்று ஆய்வாளர்களுக்குத் தெரியும். அதைப் புரியவைக்க, நோயாளிகளின் பிறந்த தேதியை எடுத்து ராசிவாரியாகவும் வெட்டிக் காட்டினார்கள். மிதுனம், துலாம் இரண்டில் மட்டும் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் மரணம் கொஞ்சம் கூடுதல்! மற்ற ராசிகளுக்கு அருமையான பலன்.

(அது மேற்கத்திய ராசி. பிறந்தபோது சூரியன் இருந்த இடம். நம் ஊரில் ராசி என்பது நிலா இருந்த இடம். அதனால் உங்க ஜாதக ராசியைத் தேடாதீங்க.)

12/
இதன் பாடம் ஆஸ்பிரின் ராசி பார்க்கும் என்பதில்லை. நாணயத்தைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்து ஆளுக்குப் பத்து முறை சுண்டச் சொல்லுங்க. யாரோ ஒருவருக்கு எட்டுத் தலை விழலாம். அவர் கையில் மந்திரம் இல்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து 2006ல் வெளியான ஆய்வும் இதையே செய்தது. மக்களை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியில் தேடியபோது சிம்மத்துக்கு வயிற்று ரத்தக்கசிவு அதிகம், தனுசுக்குக் கை எலும்பு முறிவு அதிகம் என்று வந்தது. கணக்கைத் திருத்தி இரண்டாவது பாதியில் சோதித்தால் எல்லாம் காணாமல் போச்சு.

13/
ஒரு காலத்தில் எப்போது கத்தி வைக்கணும் என்று டாக்டருக்கு உத்தரவு போட்ட ராசிகள், இன்று தற்செயலைப் பார்த்து ஏமாறாதே என்று டாக்டருக்குப் பாடம் நடத்துகின்றன. ஆட்டு மீனும், நண்டும், சிங்க இதயமும் மனிதக் கற்பனையின் சொத்து. கோயிலில், ஓவியத்தில், கதையில் ரசியுங்கள்.

கண்புரை, ஹெர்னியா மாதிரி காத்திருக்கக்கூடிய ஆபரேஷனுக்கு நல்ல நாள் பார்க்கிறீர்களா? டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பாருங்க. மனசு நிம்மதியாக இருந்தால் நல்லதுதான்.

ஆனால் நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் வராமல் போவது, குடல்வால் வீக்கம், வயிற்றில் குழந்தையின் துடிப்பு குறைவது, இதற்கெல்லாம் சந்திராஷ்டமமும் ராகு காலமும் பார்க்கக் கூடாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இருக்கிற அவகாசம் நாலரை மணி நேரம்தான். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

"விடியட்டும், நேரம் சரியில்லை" என்று வீட்டில் யாராவது சொன்னால், அவரோடு வாதம் பண்ணாதீங்க. முதலில் 108க்குப் போன் பண்ணுங்க.