மாதிரியா, நிரலா? இந்திய மென்பொருட் பொறியியலில் ஒரு முதன்மைச் சிக்கலின் வரலாறு

முன்னுரை

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீதேறி ஏற்காட்டை அடையும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மழையில் மண் சரிந்து பாதையின் ஒரு பகுதி மாற்றியமைக்கப்படுமாயின், அதன் வரைபடமும் திருத்தப்பட வேண்டும். இல்லையேல் வரைபடம் பழைய பாதையின் ஆவணமாக மட்டுமே எஞ்சும். மென்பொருளுக்கும் இத்தகைய வரைபடம் உண்டு. அதனை மாதிரி என்பர். மாதிரியை முதலில் அமைத்து, அதிலிருந்து கருவியின் துணையால் நிரலை உருவாக்கும் முறை மாதிரிவழி மென்பொருட் பொறியியல் எனப்படுகிறது. மாற்றம் தேவைப்படும்போது மாதிரியைத் திருத்துவதா, நிரலைத் திருத்துவதா என்பது இத்துறையின் அடிப்படை வினா. இவ்வினா புனேயிலும் சென்னையிலும் நிகழ்ந்த ஆய்வுகளில் பெற்ற வடிவங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

காலவரிசை

ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு 1997இல் யூ.எம்.எல். என்னும் மாதிரியாக்க மொழியை ஏற்றது. 2001இல் மாதிரிவழிக் கட்டமைப்பு என்னும் கொள்கையையும் ஏற்றது. தொழில்நுட்பம் சாராத மாதிரியை அமைத்துப் பின்னர் அதனைக் குறிப்பிட்ட தொழில்நுட்பத்திற்கு உரியதாக மாற்றுவதே இக்கொள்கையின் சாரம். இந்திய முயற்சிகள் இதனைப் பின்பற்றி எழுந்தவை என எளிதில் கருதிவிடலாம். ஆனால் சான்றுகள் வேறு காலவரிசையைக் காட்டுகின்றன.

புனே: உற்பத்திக்கான மாதிரி

டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 1981இல் புனேயில் ஓர் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. மாஸ்டர்கிராஃப்ட் என்னும் மாதிரிவழிக் கருவித்தொகுதி இம்மையத்தின் ஆய்வில் உருவானது. வினய் குல்கர்னி, ஸ்ரீதர் ரெட்டி, ஆஷா ராஜ்போஜ் ஆகியோர் 2010இல் ஆஸ்லோவில் நடந்த மாடல்ஸ் மாநாட்டில் அளித்த கட்டுரை, பெரிய வணிக மென்பொருள்களை இம்முறையில் உருவாக்கிய 15 ஆண்டு அனுபவத்தைப் பேசுகிறது. எனவே இம்முயற்சியின் தொடக்கம் 2001ஆம் ஆண்டுக் கொள்கைக்கு முற்பட்டது.

இதன் காரணம் தொழிலின் இயல்பிலேயே இருந்தது. ஒரு வணிக மென்பொருளின் ஆயுள் பல பத்தாண்டுகள் நீளக்கூடும். அது இயங்கும் தொழில்நுட்பத் தளமோ விரைந்து மாறும். வணிக விதிகளை மாதிரியில் வைத்து, தளத்திற்குரிய நுட்பங்களை நிரலாக்கும் கருவியில் வைத்தால், தளம் மாறும்போது விதிகளை மீண்டும் எழுத வேண்டியதில்லை. திருத்தம் மாதிரியில் மட்டுமே செய்யப்படும். நிரல் மீண்டும் உருவாக்கப்படும். இவ்வாறு முதன்மை மாதிரிக்கு வழங்கப்பட்டது.

எனினும் சிக்கல் அகலவில்லை, இடம் பெயர்ந்தது. ஒவ்வொரு திட்டத்தின் கட்டமைப்புத் தேவையும் வேறுபட்டதால் நிரலாக்கும் கருவியையே மாற்ற வேண்டியிருந்தது. குல்கர்னியும் ரெட்டியும் 2003இல் ஐ.இ.இ.இ. சாஃப்ட்வேர் இதழில் வெளியிட்ட கட்டுரை, வெவ்வேறு தேவைகளைத் தனித்தனியே பிரித்துக் கையாளும் வழியை முன்வைத்தது. 2010ஆம் ஆண்டுக் கட்டுரை வேறொரு தடையை எடுத்துரைத்தது. பல ஊர்களில் பணியாற்றும் குழுக்கள் ஒரே மாதிரியைத் திருத்தும்போது, அதன் பதிப்புகளைப் பேணும் பொதுக் களஞ்சியமும், மாறிய பகுதிக்கு மட்டும் நிரலைப் புதுப்பிக்கும் ஏற்பாடும் தேவைப்பட்டன. ஆய்வுலகம் மொழிகளிலும் மாற்ற உத்திகளிலும் காட்டிய அக்கறையை அளவின் சிக்கல்களில் காட்டவில்லை என்பது அவர்களது விமரிசனம்.

சென்னை: வினவுதற்கான மாதிரி

இதே காலத்தில் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் வேறொரு வினா எழுந்தது. தொலைத்தொடர்பு மென்பொருளில் பல உறுப்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் முறையை வரைந்து காட்டும் மாதிரி, செய்திவரிசைப் படம் எனப்படும். இத்தகைய படங்களை இணைத்துப் பெறும் வரைவுகள் குறித்த சில சரிபார்ப்பு வினாக்களுக்கு விடை காணும் பொதுவழிமுறை இருக்கவே இயலாது என்பதை ராஜீவ் ஆலுரும் மிஹாலிஸ் யன்னகாகிசும் 1999இல் நிறுவினர்.

டென்மார்க்கின் ஹென்ரிக்சனுடன் மாதவன் முகுந்த், கே. நாராயண் குமார், பி.எஸ். தியாகராஜன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வெல்லையை மேலும் தெளிவாக்கின. ஒழுங்குத்தன்மை உடைய படத்தொகுதிகள் எவை என வரையறுத்து, அவை வரம்புக்குட்பட்ட செய்திப் பரிமாற்றத் தானியங்கிகளால் ஏற்கப்படுபவையே என அவர்கள் காட்டினர். வரையக்கூடிய எல்லாத் தொகுதிகளும் இவ்வொழுங்கில் அடங்குவதில்லை. மிலிந்த் சோஹோனியும் இணைந்த விரிவான வடிவம் 2005இல் வெளிவந்தது.

முடிவுரை

மாதிரியைத் திருத்தினால் நிரல் திருந்துமா என்பது புனேயின் வினா. வரையப்பட்ட மாதிரிக்கு இயங்கும் வடிவம் ஒன்று இருக்க இயலுமா என்பது சென்னையின் வினா. முன்னது மாதிரிக்கு அதிகாரம் அளித்தது. பின்னது அவ்வதிகாரத்தின் எல்லையை வகுத்தது. கோட்பாடு முந்தியது, பயன்பாடு பிந்தியது என்னும் வழக்கமான வரலாற்று அடுக்கில் இவ்விரண்டையும் வைக்க இயலாது. இரண்டும் ஒரே காலத்தில், வெவ்வேறு தேவைகளிலிருந்து எழுந்தவை.

இயற்கைமொழிக் குறிப்பிலிருந்தே நிரலை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகியுள்ள இன்றைய சூழலிலும் இவ்வினாக்கள் காலாவதியாகவில்லை. குறிப்பு ஒருபுறமும் கையால் திருத்திய நிரல் மறுபுறமும் விலகிச் செல்லுமாயின் எது மெய்யான ஆவணம் என்பதை யாரேனும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். நிரல் எழுதி முடித்தபின் ஆவணத் தேவைக்காக மட்டும் மாதிரி வரையும் வழக்கம் அம்முடிவைத் தவிர்க்கிறது. அவ்வாறு வரையப்பட்டுத் திருத்தப்படாது விடப்படும் மாதிரி, சரிந்துபோன பாதையையே தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும்.