14,49,087: ஆய் நாட்டுச் செப்பேட்டில் ஓர் எண்

பாறசாலைக்குத் தெற்கே, இன்றைய மாநில எல்லைக்கு இப்பால், முஞ்சிறையை அடுத்து அமைந்துள்ளது பார்த்திவபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் அளித்து அவர்களிடமிருந்து இவ்விடத்தைப் பெற்றான். விண்ணகரம் ஒன்றை எழுப்பினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலையும் நிறுவினான். இச்செய்தியைக் கூறும் செப்பேடு திருவனந்தபுரம் ஹுசூர் அலுவலகத்தில் இருந்ததால் ஹுசூர் அலுவலகச் செப்பேடு என அறியப்பட்டது. து. அ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் இதனைப் பதிப்பித்தார்.

செப்பேட்டில் மன்னனின் ஒன்பதாம் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டுள்ளது. ஆட்சியாண்டு மட்டுமே கிடைத்திருந்தால் காலத்தை உறுதிசெய்ய வழியில்லை. அதனுடன் கலியுக நாளும் தரப்பட்டுள்ளது: 14,49,087.

இவ்வெண் 3ஆல் மீதியின்றி வகுபடும். அதனால் வரலாற்றுக்குப் பயன் ஏதுமில்லை. மற்ற வகுத்தல்களில் எஞ்சும் மீதிகளே காலத்தைக் காட்டுகின்றன.

ஆரியபடரின் கணக்கில் 43,20,000 ஆண்டுகளுக்கு 157,79,17,500 நாள்கள். அதாவது ஓராண்டுக்கு ஏறத்தாழ 365.2587 நாள்கள். இதனால் 14,49,087ஐ வகுத்தால் ஈவு 3,967. மீதி ஏறத்தாழ 106 நாள்கள். கலியின் தொடக்கம் பொ.ஆ.மு. 3102 ஆதலால், கிடைக்கும் ஆண்டு பொ.ஆ. 866. சித்திரை முதல் எண்ணினால் 106 நாள்கள் ஆடி மாதத்தில், ஜூலைத் தொடக்கத்தில் கொண்டு சேர்க்கின்றன.

7ஆல் வகுத்தால் மீதி 3. கலியின் முதல் நாள் வெள்ளி. எண்ணைக் கழிந்த நாள்களாகக் கொண்டால் அந்நாள் திங்கள். சந்திர மாதத்தின் 29.53 நாள்களால் வகுத்தால் ஏறத்தாழ 21 நாள்கள் எஞ்சுகின்றன. கலித் தொடக்கம் அமாவாசையை ஒட்டியது என்பதால் அது தேய்பிறைக் காலம். இவ்வாறு ஆண்டு, மாதம், கிழமை, பிறை நான்கும் ஒரே எண்ணிலிருந்து கிடைக்கின்றன. கிழமையையும் நட்சத்திரத்தையும் சேர்த்துக் கூறும் சாசனங்களில், நாளெண்ணின் பிழையைக் கண்டறியவும் இம்மீதிகள் உதவும். ஆயிரத்தின் இடத்தில் ஓர் இலக்கம் பிழைத்தால் காலம் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு நகரும். பதினாயிரத்தின் இடத்தில் பிழைத்தால் 27 ஆண்டுகள்.

ஒன்பதாம் ஆட்சியாண்டு 866இல் அமைவதால் கருநந்தடக்கன் 857ஐ ஒட்டி ஆட்சிக்கு வந்தான் எனக் கொள்ளலாம். ஆய் மரபின் காலவரிசைக்கு உறுதியான பிடிமானம் இதுவே.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. சாலை இருந்த ஊர் ஒரு மாநிலத்திலும், அதன் ஆவணம் பேணப்பட்ட நகரம் மற்றொன்றிலும் அமைந்தன. ஆயினும் இப்பகுதியின் ஒன்பதாம் நூற்றாண்டை எழுத முற்படும் ஆய்வாளர், எல்லையின் எப்பக்கத்தவராயினும், தொடங்க வேண்டியது இந்த ஏழிலக்க எண்ணிலிருந்தே.